கோ-4 சைலேஜுக்கு எதைக் கலப்பது: வெல்லமா, பாக்டீரியா பாக்கெட்டா, யூரியாவா?

பவானிக்கரை

வணக்கம்ங்க. 10 கலப்பினக் கறவை மாடுகளுக்கு ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள 20 டன் சைலேஜ் (காத்துப் புகாம மூடிப் புளிக்க வைக்கிற பசுந்தீவனம்) போட்டு வைக்கணும். கையில இருக்கிறது கோ-4 கம்பு நேப்பியர் தீவனப்புல், போன அறுப்புக்கு அப்புறம் 50 நாள் வளர்ந்த தழைவு. அது போக ஒரு ஏக்கர் மக்காச்சோளம், கதிர் மாவுப் பதத்துக்கு வந்துட்டு இருக்கு, 12 முதல் 14 டன் வரும்னு கணக்கு. வரப்போரம் வேலிமசாலும் தட்டைப்பயறும் கொஞ்சம் இருக்கு. தொட்டி தரைக்கு மேல கட்டின சிமெண்ட் தொட்டி: 27 அடி நீளம், 9 அடி அகலம், 5 அடி உயரம், ஒரு பக்கம் திறப்பு. தினமும் மாட்டுக்கு 18 கிலோ வீதம் 180 கிலோ எடுக்கிறதா திட்டம்.

இதுக்கு முன்னால கோ-4 மட்டும் 50 கிலோ பைகள்ல போட்டது சரியா வரல. டன்னுக்கு 20 கிலோ உப்பு, 5 கிலோ வெல்லம் கலந்தது. 45 நாள் கழிச்சுப் பிரிச்சா பையோட அடியில தண்ணி தேங்கியிருக்கு, புல்லு கரும்பச்சையா கொழகொழன்னு இருக்கு, கெட்டுப்போன வெண்ணெய் வாடை. மாடு முகர்ந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்குது.

இப்ப கடையில பாக்டீரியா பாக்கெட் ஒண்ணு இருக்கு, எந்தத் தீவனத்துக்கும் ஆகும்ங்கிறாங்க. வெல்லத்தைக் கூட்டினாலே போதும்னு சிலர், புரதத்துக்கு யூரியா போடணும்னு சிலர், புளிச்ச மோர் தெளிச்சா பாக்கெட்டே வேண்டாம்னு சிலர். எதுக்கு எது, எவ்வளவு, எப்படிக் கலக்கிறதுன்னு தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க.

---

சாஃப்கட்டர்

நீங்க சொன்ன அறிகுறி மூணும் ஒரே இடத்தைக் காட்டுது: ஈரம். வெண்ணெய் வாடை ப்யூட்டிரிக் அமிலத்தோடது. அதை உண்டாக்கிறது க்ளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியா. மண்ணுல, சாணத்துல இருந்து புல்லோட ஒட்டிட்டு வரும், காத்து இல்லாம வளரும், ஈரம் அதிகமா இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். தீவனத்தைப் புளிக்க வைக்கிற லாக்டிக் பாக்டீரியா அரும்பாடுபட்டு உண்டாக்கின அமிலத்தையே தின்னுட்டு, புரதத்தையும் அம்மோனியாவா உடைச்சு, பிஹெச்சை (புளிப்போட அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) மேல ஏத்திவிடும். உலர்பொருள், அதாவது தண்ணி போக மிச்சம் நிக்கிற பங்கு, 28 முதல் 35 சதவீதம் இருந்தா அதால தலைதூக்க முடியாது. 50 நாள் கோ-4ல உலர்பொருள் 20ஐத் தாண்டறதே அபூர்வம். அந்த ஈரத்துல எந்தப் பாக்கெட்டைப் போட்டாலும் பாதிதான் வேலை செய்யும்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னால உலர்பொருளை அளந்துடுங்க. நறுக்கின புல்லுல 1,000 கிராம் எடைபோட்டு, சாக்கு மேல மெல்லிசாப் பரப்பி, நொறுங்குற அளவுக்கு இரண்டு மூணு நாள் நல்ல வெயில்ல காய வைங்க. வெயில்ல காஞ்சதுல இன்னும் பத்துல ஒரு பங்கு ஈரம் இருக்கும், அதனால கிடைக்கிற எடையை 0.9ஆல் பெருக்குங்க. 210 கிராம் நின்னா 189 கிராம், அதாவது 19 சதவீதம். மைக்ரோவேவ் அடுப்பு இருந்தா 100 கிராமை இரண்டு இரண்டு நிமிஷமா ஓட்டி, எடை மாறாம நிக்கிற வரைக்கும் காய வைக்கலாம். இதுல பெருக்கவே வேண்டாம். ஓரத்துல ஒரு டம்ளர் தண்ணி வைங்க, இல்லைன்னா புல்லு கருகிடும்.

அவசரத்துக்குக் கைச்சோதனை: நறுக்கினதை ஒரு பிடி எடுத்து அரை நிமிஷம் இறுக்கிப் பிடிச்சுக் கையைத் திறங்க. விரலிடுக்குல சாறு வழிஞ்சு உருண்டை அப்படியே நின்னா 25க்குக் கீழ. உருண்டை நிக்குது, உள்ளங்கை மட்டும் ஈரம்னா 25 முதல் 30. உருண்டை மெதுவா விரிஞ்சு உதிர்ந்தா 30க்கு மேல, அதுதான் நமக்கு வேணும். திறந்ததும் பொலபொலன்னு கொட்டிட்டா 40ஐத் தாண்டிட்டது. அதை மிதிச்சாலும் காத்து வெளியேறாது, பூஞ்சை பிடிக்கும்.

புல்லு, மக்காச்சோளம் இரண்டையும் தனித்தனியா அளந்து எண்ணைப் போடுங்க. அதுக்கப்புறம் எதை எவ்வளவு சேர்க்கிறதுன்னு பேசலாம்.

---

கொல்லி அடிவாரம்

உப்பும் வெல்லமும் பழைய முறைதான், ஆனா உங்க அளவு தலைகீழ். டன்னுக்கு வெல்லம் 20 கிலோ, உப்பு 5 கிலோ போதும். உப்பு புல்லுல இருந்து சாறை இழுத்துவிடும், அந்தச் சாறுல இருக்கிற சர்க்கரை பாக்டீரியாவுக்குச் சீக்கிரம் கிடைக்கும், ருசியும் கூடும். மேல் அடுக்குல கொஞ்சம் கூடுதலாத் தூவினா பூஞ்சையும் மட்டுப்படும். புளிச்ச மோரும் 2 லிட்டர் தெளிக்கலாம், அதுலயும் லாக்டிக் பாக்டீரியாதானே இருக்கு.

---

நொதிப்பு

கொல்லி அடிவாரம் அண்ணா சொன்ன வெல்ல அளவு சரிதான். உப்புலயும் மோர்லயும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

முதல்ல உப்பு. காய்ஞ்ச பயிர்ல சாறை இழுத்துவிடறது உதவிதான், நான் மறுக்கல. ஆனா கோ-4ல சாறு ஏற்கெனவே வழியுது, இன்னும் இழுத்து என்ன செய்ய? மாட்டோட கணக்கையும் பாருங்க. டன்னுக்கு 20 கிலோன்னா, 18 கிலோ சைலேஜ் தின்னுற மாடு 360 கிராம் உப்பு சேர்த்துத் தின்னுது. அடர்தீவனத்துல, தாது உப்புக் கலவையில இருக்கிறது அதுக்கு மேல. 5 கிலோன்னா 90 கிராம், அது பரவாயில்ல. ஈரப்புல்லுக்கு உப்பே போடாட்டியும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

மோர். தயிர்ல இருக்கிற பாக்டீரியா பாலுக்குன்னு பழகினது. பால் சர்க்கரையில, 40 டிகிரிக்கு மேல சூட்டுல வேகமா வளரும். புல்லுல இருக்கிறது சுக்ரோஸும் ஃப்ரக்டோஸும். அங்கே காட்டுப் பாக்டீரியா கூட்டத்தோட போட்டிபோட்டு நிக்கிற பலம் தயிர் இனத்துக்கு இல்ல. எண்ணிக்கையும் எவ்வளவு போகுதுன்னு தெரியாது. கெடுதல் செய்யாது, நம்பவும் முடியாது.

பாக்கெட் வாங்காம வீட்டுலயே செய்யணும்னா மோரை விட நல்ல வழி ஒண்ணு இருக்கு. அறுக்கப் போற அதே புல்லுல 200 கிராம் எடுத்து மிக்ஸியில அரைச்சு, ஒரு லிட்டர் கிணத்துத் தண்ணியில கலந்து வடிகட்டி, 20 கிராம் சர்க்கரை போட்டு, பாட்டில் கழுத்து வரைக்கும் நிரப்பி மூடுங்க. மூடியை லேசாத் தளர்த்தி வைங்க, வாயு வெளியேறணும். நிழல்ல இரண்டு நாள் வெச்சா புளிச்சு வரும். ஜப்பான்ல புல் சைலேஜுக்கு ஆராய்ஞ்சு பார்த்த முறை இது. அந்தந்தப் புல்லு மேல ஏற்கெனவே வாழ்ற லாக்டிக் பாக்டீரியாவைத்தான் பெருக்கிக் கொடுக்கிறோம். டன்னுக்கு 10 லிட்டர் தெளிக்கணும். வாடை கெட்டிருந்தா அந்தப் பாட்டிலைக் கொட்டிடுங்க.

இப்ப பாக்கெட். லேபிள்ல மூணு விஷயம் பாருங்க: இனம், ஒரு கிராமுக்கு எத்தனை உயிர், எத்தனை டன்னுக்குன்னு போட்டிருக்கு. தேவையான அளவு, ஒரு கிராம் புல்லுக்கு 1 லட்சம் உயிருள்ள பாக்டீரியா. ஒரு டன் 10 லட்சம் கிராம், ஆக டன்னுக்கு 10,000 கோடி. லேபிள்ல கிராமுக்கு "10 அடுக்கு 10"னு இருந்தா அது 1,000 கோடி, டன்னுக்கு 10 கிராம் போதும். "10 அடுக்கு 9"னா 100 கோடி, 100 கிராம் வேணும். இதே 100 கோடிப் பவுடரை 100 கிராம் பாக்கெட்ல அடைச்சு "10 டன்னுக்கு"ன்னு போட்டிருந்தா, புல்லு மேல விழறது கிராமுக்கு 10,000தான், பத்துல ஒரு பங்கு. எண்ணிக்கையே போடாத பாக்கெட்டைத் தொடாதீங்க.

இனம் இரண்டு வகை. பிளாண்டாரம், பீடியோகாக்கஸ் மாதிரி உள்ளவை சர்க்கரையை முழுக்க லாக்டிக் அமிலமா மாத்தும். பிஹெச் சட்டுனு இறங்கும். ஈரமான, சர்க்கரை குறைஞ்ச புல்லுக்கு இதுதான் தேவை. புக்னெரி வேற ரகம். இருக்கிற லாக்டிக் அமிலத்துல ஒரு பகுதியை மெதுவா அசிட்டிக் அமிலமா மாத்தும். அசிட்டிக் ஈஸ்டை அடக்கும். அதனால தொட்டியைத் திறந்த பிறகு சூடேறாம நிக்கும். வேலை முடிய 60 நாள் விடணும், 30 நாள்ல திறந்தா போட்ட காசு வீண். 2020ல பாக்டீரியாப் பெயர்களை மாத்திட்டாங்க, அதனால சில பாக்கெட்ல லாக்டிபிளாண்டிபேசிலஸ் பிளாண்டாரம், லென்டிலாக்டோபேசிலஸ் புக்னெரின்னு நீளமா இருக்கும். ரெண்டும் பழைய ஆளுங்கதான்.

உங்க தொட்டிக்குப் புக்னெரி ஏன் முக்கியம்னு கணக்குப் போட்டுச் சொல்றேன். நல்லா மிதிச்ச சைலேஜ் ஒரு கன அடிக்குச் சுமார் 17 கிலோ. நம்ம வெயிலுக்கு முகப்பு, அதாவது திறந்த பக்கம் தெரியற பரப்பு, முழுக்க தினமும் குறைஞ்சது அரை அடி ஆழம் வெட்டி எடுக்கணும், அப்பதான் உள்ளே போற காத்தை முந்த முடியும். உங்க முகப்பு 9க்கு 5, அதாவது 45 சதுர அடி. அரை அடின்னா 22.5 கன அடி, 382 கிலோ. நீங்க எடுக்கிறது 180. பாதி வேகம் கூட இல்ல. நல்லா நொதிச்ச சைலேஜே உங்க கண்ணு முன்னால சூடேறிக் கெடும். லாக்டிக் மட்டும் உண்டாக்கிற பாக்கெட் போட்டிருந்தா இன்னும் மோசம், ஏன்னா காத்துப் பட்டதும் ஈஸ்ட் தின்னுறதே லாக்டிக் அமிலத்தைத்தான்.

தொட்டிக்கு நடுவுல நீளவாக்குல ஒரு சுவர் எழுப்பி 4.5 அடி வீதம் இரண்டு தடமாப் பிரிச்சுடுங்க. அப்ப அரை அடிக்கு 191 கிலோ. உங்க 180க்குச் சரியாப் பொருந்தும். புக்னெரியும் பிளாண்டாரமும் சேர்ந்த பாக்கெட் கிடைச்சா வாங்குங்க. இரண்டுல ஒண்ணுதான் செய்ய முடியும்னா, சுவரைக் கட்டுங்க.

---

பவானிக்கரை

ரொம்ப நன்றிங்க. முகப்புக் கணக்கை யாரும் இதுவரை சொன்னதில்ல. ஹாலோ பிளாக்ல நடுச்சுவர் எடுத்துடலாம்.

அளந்தாச்சு: கோ-4 19 சதவீதம், மக்காச்சோளம் 31. வானம் மூட்டமா இருக்கு, புல்லை நாள் முழுக்க வாட்ட முடியுமான்னு தெரியல. வைக்கோல் இருக்கு. மரவள்ளித் திப்பியும் பக்கத்துல கிடைக்கும். எதைச் சேர்த்து ஈரத்தைக் குறைக்கிறது? யூரியா பத்தியும் சொல்லுங்க. 4.5 அடி தடத்துல டிராக்டர் எப்படி ஏத்தறது?

---

சாஃப்கட்டர்

மக்காச்சோளம் 31ல நிக்குதுன்னா உங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சது. புல்லைத் தனியாப் போடாதீங்க, இரண்டையும் கலந்துடுங்க. 13 டன் சோளம், 7 டன் புல் கலந்தா சராசரி 27 சதவீதம். அறுத்த புல்லை அரை நாள் கிடக்க விட்டு 24க்குக் கொண்டு வந்தீங்கன்னா மொத்தம் 29 வரும். சோளத்தட்டுல, கதிர்ல இருக்கிற சர்க்கரை புல்லுக்கும் போய்ச் சேரும்.

சோளத்தை எப்ப அறுக்கிறதுன்னு கதிரை நடுவுல ஒடிச்சுப் பாருங்க. மணியோட வெளிப்பக்கம் கெட்டியான மாவு, சக்கைப் பக்கம் பால், நடுவுல ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு மணியில பாதி தூரம் இறங்கியிருந்தா அறுப்பு. முழுக்க இறங்கிட்டா தட்டு காஞ்சு, மணி முழுசாச் சாணத்துல வந்துடும்.

வைக்கோல் கணக்கு நீங்க நினைக்கிறதை விடப் பெருசு. 19 சதவீதப் புல்லு 100 கிலோவை 28க்குக் கொண்டு வர 15 கிலோ வைக்கோல் வேணும். ஈரம் குறையும், ஆனா சத்தும் குறையும், வைக்கோல்ல நொதிக்கச் சர்க்கரை கிடையாது. சோளம் கைவசம் இருக்கும்போது வைக்கோலை அடியில ஒரு சாண் உயரம் பரப்பிச் சாறு உறிஞ்ச விடுங்க, அதோட நிறுத்திக்கலாம். திப்பி நல்லா உறிஞ்சும், ஆனா காஞ்ச திப்பியா இருக்கணும். மில்லுல இருந்து ஈரமா வர்ற திப்பியில முக்கால் பங்குக்கு மேல தண்ணி, அதைச் சேர்த்தா நோய்க்கு நோயையே மருந்தாக் கொடுத்த மாதிரி. காஞ்ச திப்பி புல்லு எடையில 5 சதவீதம் வரைக்கும் போடலாம். திப்பியில இருக்கிறது மாவுச்சத்து, லாக்டிக் பாக்டீரியா அதைச் சட்டுனு தொடாது. அதனால திப்பி போட்டாலும் வெல்லத்தைக் குறைக்காதீங்க.

வெல்லம் புல்லுக்கு மட்டும். டன் புல்லுக்கு 20 கிலோ வீதம் 7 டன்னுக்கு 140 கிலோ. 20 டன்னுக்கும் சேர்த்துப் போட்டா 400 கிலோ ஆகும், அது தேவையில்ல. போன தடவை போட்ட 5 கிலோவுல சர்க்கரை 4 கிலோதான் இருந்திருக்கும், புல்லோட உலர்பொருள்ல 2 சதவீதம். அது முதல் நாள் மூச்சு விடறதுக்கே காணாது. மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) கிடைச்சா டன்னுக்கு 30 முதல் 35 கிலோ, அதுல சர்க்கரை பாதிதான்.

கலக்கிறது இப்படி: 20 கிலோ வெல்லத்தை 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, சாக்குல வடிகட்டி, ஆறவிட்டுப் பூவாளியில ஊத்துங்க. டன்னுக்கு 20 லிட்டர் தண்ணி சேருதேன்னு கவலை வேண்டாம், அது 2 சதவீதம். பூவாளி வாய் அடைச்சா வாய்த்தட்டைக் கழட்டிட்டுச் சொம்புல வீசாதீங்க. ஒரே இடத்துல பாகு விழுந்து, அங்க ஈஸ்ட் பெருகிச் சாராய வாடை அடிக்கும், பக்கத்துப் புல்லு பட்டினி கிடக்கும்.

பாக்டீரியாவை இந்த வெல்லத் தண்ணியில கலக்காதீங்க, தனித் தெளிப்பான்ல போகணும். டன்னுக்கு 2 லிட்டர் தண்ணி போதும், 16 லிட்டர் கைத்தெளிப்பான் ஒரு தடவைக்கு 8 டன் வரும். களைக்கொல்லியோ பூஞ்சாணக்கொல்லியோ ஊத்தின தெளிப்பான் ஆகாது. குளோரின் போட்ட குழாய்த்தண்ணியும் ஆகாது, கிணறு அல்லது போர்த்தண்ணி எடுங்க. கலந்ததை நிழல்ல வெச்சு அன்னைக்கே முடிச்சுடுங்க, வெயில்ல தெளிப்பான் டேங்க் 40 டிகிரியைத் தாண்டினா உள்ளே இருக்கிறது செத்துடும். தெளிக்க வேண்டிய இடம் சாஃப் கட்டரோட, அதாவது புல் நறுக்குற மெஷினோட, வாய். துண்டு பறந்து விழும்போதே மேல பட்டுடணும். குவிஞ்ச பிறகு மேல தெளிச்சா மேலேயே நின்னுடும், பாக்டீரியா நடந்து போய் அடியில இருக்கிற புல்லைத் தேடாது.

துண்டு அளவு சோளத்துக்கு 1 முதல் 2 செ.மீ., புல்லுக்கு 2 முதல் 3. பிளேடு மழுங்கியிருந்தா வெட்டாம நார் நாராக் கிழிக்கும், அது மிதிக்க அடங்காது.

வேலிமசாலையும் தட்டைப்பயறையும் தொட்டியில சேர்க்காம பச்சையாவே மாட்டுக்குப் போட்டுடுங்க. பயறுவகைத் தழை அமிலத்தை எதிர்த்து நிக்கிற குணம் உள்ளது, பிஹெச் இறங்க விடாது. கலந்தே ஆகணும்னா பத்துல ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

---

மடிக்காவல்

கால்நடை மருத்துவப் பக்கத்திலிருந்து சில செய்திகள்.

யூரியா பற்றி. டன்னுக்கு 5 கிலோ என்பது மக்காச்சோளத்துக்கு மட்டும், அதுவும் உலர்பொருள் 30க்கு மேல் இருக்கும்போது சொல்லப்படும் அளவு. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 5 கிலோவில் 2.3 கிலோ, அதை 6.25ஆல் பெருக்கினால் 14.4 கிலோ புரதத்துக்குச் சமம். 31 சதவீதச் சோளத்தில் உலர்பொருள் கணக்கில் புரதம் 4.6 புள்ளி கூடும். ஆனால் யூரியா தொட்டிக்குள் அம்மோனியாவாக உடைந்து அமிலத்தை நடுநிலையாக்கும். சர்க்கரை நிறைந்த சோளம் அதை ஈடுகட்டும், ஈரமான நேப்பியர் ஈடுகட்டாது. பிஹெச் இறங்காமல் நின்றால் மறுபடி அதே வெண்ணெய் வாடைதான். நீங்கள் கலந்து போடப் போவதால் யூரியாவை விட்டுவிடுங்கள். புரதத்துக்குப் பிண்ணாக்கும், பச்சையாகக் கொடுக்கும் வேலிமசாலும் இருக்கின்றன.

யூரியா போட்ட சைலேஜ் 18 கிலோ தின்றால் 90 கிராம் யூரியா உள்ளே போகும். அதோடு யூரியா சேர்ந்த அடர்தீவனமோ நக்குக் கட்டியோ கொடுத்தால் அளவு மீறும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அறவே கூடாது. சரியாகக் கரையாமல் ஓரிடத்தில் குவிந்த யூரியாவைத் தின்ற மாடு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நுரை தள்ளும், நடுங்கும், வயிறு உப்பும். அது உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நிலை.

ஃபார்மிக் அமிலம் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். பின்லாந்தின் விர்டானென் அமிலம் ஊற்றிப் பசுந்தீவனத்தைப் பாதுகாக்கும் முறையைக் கண்டுபிடித்து 1945இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அவர் பயன்படுத்தியது கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். பிற்பாடு ஃபார்மிக் அந்த இடத்துக்கு வந்தது. வெயிலே இல்லாத நாட்டில், வாட்ட முடியாத புல்லுக்கு அது நல்ல தீர்வு. 85 சதவீத அமிலம் டன்னுக்கு 3 முதல் 4 லிட்டர். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைப்பதும் இதே அமிலத்தால்தான், ஆனால் அங்கே அதை நீர்த்துத்தான் ஊற்றுகிறார்கள். வெறுங்காலால் மிதித்துத் தொட்டி நிரப்பும் இடத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோல் வெந்துவிடும், ஆவி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும்.

மேல்பரப்புப் பூஞ்சைக்குக் கால்சியம் புரோப்பியோனேட் பயன்படும். ரொட்டியில் பூஞ்சை வராமல் இருக்கப் பேக்கரியில் சேர்க்கும் அதே பொருள். தொட்டி முழுவதற்கும் தேவையில்லை. மேல் ஒரு அடி உயரத்துக்கு மட்டும், டன்னுக்கு 3 கிலோ. உங்கள் தொட்டியில் அந்த ஒரு அடி சுமார் 4 டன், ஆக 12 கிலோ. சுவரோரம் ஒரு முழம் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தூவுங்கள், பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான்.

திறந்த பிறகு பார்க்க வேண்டியது: 25 கிராம் சைலேஜை 100 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து வடிகட்டி, 3 முதல் 6 வரை காட்டும் பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள். உங்கள் கலவைக்கு 4.2க்குள் இருந்தால் நன்று. 4.5ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள், 5ஐத் தாண்டினால் கறவைக்கும் சினைக்கும் கொடுக்காதீர்கள், லிஸ்டீரியா கிருமி வளரக்கூடிய நிலை அது. கூர்மையான காடி வாடை பரவாயில்லை. சாராய வாடை ஈஸ்ட். புகையிலை போலக் கருத்து, கருகிய சர்க்கரை மணம் வந்தால் உள்ளே காற்று இருந்து வெந்துவிட்டது. மாடு விரும்பித் தின்னும், ஆனால் புரதம் செரிக்காது.

பூஞ்சை பிடித்த பகுதியைச் சுற்றிலும் ஒரு சாண் ஆழம் சேர்த்து வெட்டி எறியுங்கள். வெள்ளைப் பகுதியைத் தட்டிவிட்டு மீதியைப் போடுவது சரியல்ல. பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, மாடு தின்ற அஃப்ளாடாக்சினில் ஒரு பங்கு பாலில் வந்துவிடும். பாலில் அதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். மாட்டைத் தேற்றிவிடலாம், அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையை நினைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் வாரம் மாட்டுக்கு 5 கிலோவில் தொடங்கி மெல்ல 18க்குப் போங்கள். கறந்த பிறகு போடுங்கள், கறக்கும் முன் போட்டால் பாலில் வாடை ஏறும்.

ஒரு எச்சரிக்கை. யூரியாவும் சாணிக்கரைசலும் அதிகம் விட்ட புல்லில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். மூடிய முதல் மூன்று வாரம் தொட்டியிலிருந்து மஞ்சள் கலந்த பழுப்பு நிற வாயு கசியலாம். காற்றை விடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். அந்த நாட்களில் குழந்தைகளைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள், உறைக்குள் தலையை நீட்டி முகர்ந்து பார்க்காதீர்கள்.

---

சாஃப்கட்டர்

டிராக்டர் கேள்வி விட்டுப்போச்சு. 4.5 அடித் தடத்துல பெரிய டிராக்டர் இறங்காது. மினி டிராக்டர் மொத்த அகலம் சுமார் 3.5 அடி, அது போகும், ஆனா நடுச்சுவர் நாலு அங்குலமா இருந்தா பக்கவாட்டு அழுத்தத்துல சாஞ்சுடும். எட்டு அங்குலப் பிளாக், பத்து அடிக்கு ஒரு தூண் விடுங்க. டிராக்டர் இல்லாட்டி 200 லிட்டர் பீப்பாயில தண்ணி நிரப்பி உருட்டுங்க, 200 கிலோவுக்கு மேல எடை நிக்கும். ஒவ்வொரு தடவையும் அரை அடிதான் பரப்பணும். ஒரு அடி பரப்பி மிதிச்சா மேல் பாதி மட்டும் அழுந்தும், அடியில காத்துத் தங்கிடும். பீப்பாய் சுவரோரம் எட்டாது, அந்த ஓரத்தை ஆள் மிதிக்கணும். குதிகால் வெச்சு அழுத்திப் பாருங்க, அரை அங்குலத்துக்கு மேல பள்ளம் விழுந்தா இன்னும் மிதிக்கணும்.

சோளம் இரண்டு கூடை, புல்லு ஒரு கூடைன்னு மாத்தி மாத்திக் கொட்டுங்க. ஒரு தடத்தை ஒரே நாள்ல நிரப்பி மூடணும். இரண்டு தடத்துக்கும் சேர்த்து ஒரு நாள் போதாது, முதல் நாள் ஒண்ணு, மறுநாள் ஒண்ணு. பாதி நிரப்பினதை இரவு திறந்து போட்டா காலையில கை வெச்சாலே சுடும். அந்தச் சூடு முழுக்க நீங்க காசு கொடுத்து வாங்கின வெல்லம் எரியற சூடு.

மேல சுவரை விட ஒரு அடி உயரமா, நடுவுல மேடாக் குவிச்சு முடிங்க. 800 கேஜ் ஷீட்டுக்குக் குறைய வேண்டாம், அது 200 மைக்ரான். ஷீட்டு மேல இடைவெளி விடாம மண் மூட்டை அடுக்குங்க. ஓரத்துல மழைத்தண்ணி உள்ளே இறங்காம ஷீட்டைச் சுவருக்கு வெளியே ஒரு அடி தொங்க விடணும். காக்கா கொத்தின ஓட்டையைத் தினமும் பார்த்து டேப் ஒட்டுங்க. சாதா செல்லோ டேப் வெயில்ல ரெண்டு நாள்ல உரிஞ்சிடும், வெயில் தாங்குற அகலமான பிளாஸ்டிக் டேப்பை, ஷீட்டை ஈரம் போகத் துடைச்சுட்டு ஒட்டணும்.

---

பவானிக்கரை

சரிங்க. இந்த வாரம் சுவர் எழுப்பிடறேன். பாக்கெட் லேபிள்ல கிராமுக்கு "10 அடுக்கு 10"னு இருக்கு, பிளாண்டாரமும் புக்னெரியும் சேர்ந்தது. 20 டன்னுக்கு 200 கிராம் போதும்தானே? முதல் தடத்தை 60 நாள் கழிச்சுத் திறக்கலாமா?

---

நொதிப்பு

200 கிராம் சரி. இரண்டு இனமும் சேர்ந்த பாக்கெட்ல அந்த எண்ணிக்கை மொத்தத்துக்கா, தனித்தனியான்னு லேபிள்ல பாருங்க. மொத்தத்துக்குன்னா புக்னெரிக்குக் கிராம் புல்லுக்கு 1 லட்சம் விழற மாதிரி அளவைக் கூட்டிக்கணும். இரண்டும் சரிபாதின்னா 400 கிராம். காலாவதி தேதியைப் பார்த்து வாங்கி, தெளிக்கிற நாள் வரைக்கும் ஃபிரிட்ஜ்ல வைங்க. திறக்கிறது 60 நாள்ல. திறந்த அன்னைக்கு முகப்புல கையளவு ஆழத்துல ஒரு தெர்மாமீட்டர் சொருகிக் குறிச்சு வெச்சுக்குங்க, மூணு நாளுக்கு ஒரு தடவை அதே ஆழத்துல பாருங்க. 38ஐத் தாண்டி ஏறுதுன்னா வெட்டுற ஆழம் பத்தல.